பாட்டுக் கட்டுவோர் படும் பாடும் பெறும் பேறும்

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருவிழா என்றால் ஆலயத்தில் எத்தனையோ தொண்டுகள் நடைபெறுகின்றன. விடியற்காலையில் பூத்தொடுக்க அமர்வோர் உள்ளனர். மடைப்பள்ளியின் அனலில் நின்று ஆயிரம் பேருக்கு அன்னம் வடிப்போர் உள்ளனர். தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்ப்போர், இரதத்திற்கு வழி விலக்குவோர், காலணிகளைக் காத்து நிற்போர் எனத் தொண்டர்களின் வரிசை நீளும். இவர்களில் பலருக்கும் மேடையில் பொன்னாடை உண்டு. மலரில் புகைப்படமும் உண்டு. ஒருவர் மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை. இரத ஊர்வலத்தின்போது தெருவே அதிரும்படி மக்கள் வாய்விட்டுப் பாடுகின்றனர் அல்லவா, அந்தப் பாட்டுக்குச் சொல் கட்டிக் கொடுத்தவர்தாம் அவர். அவர் யார், எந்த ஊர், இருக்கிறாரா இல்லையா என்று கேட்பார் இல்லை. இன்றைய உரை அவரைப் பற்றியது.

செய்யுளை 'யாத்தல்' என்றனர் புலவர்கள். பாட்டைக் 'கட்டுதல்' என்கின்றனர் பொதுமக்கள். யாத்தல் என்றாலும் கட்டுதல் என்றே பொருள். எனினும் இரண்டு கட்டும் ஒன்றாகிவிடா. செய்யுளில் கயிறு முழுவதும் புலவர் கையிலேயே இருக்கிறது. பாட்டிலோ அதன் ஒரு முனையை மெட்டும், மற்றொரு முனையைத் தாளமும், நடுப்பகுதியைப் பாடுவோரின் மூச்சும் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சியதைக் கொண்டு முடிச்சுப் போட வேண்டியவரே பாட்டுக் கட்டுபவர்.

தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் படித்த எவரும் மாத்திரைக் கணக்கை அறிவர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. படிக்கும் செய்யுளில் இக்கணக்குக்கு மதிப்புண்டு. மெட்டோ இதைப் பொருட்படுத்துவதில்லை. மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் ஒரு குறில் வந்து சிக்கிக்கொண்டால், பாடுவோர் அதை இழுத்தே தீர வேண்டும். இழுத்த மாத்திரத்தில் 'மலை' என்பது 'மாலை' ஆகிவிடும். 'கல்' என்பது 'கால்' ஆகிவிடும். பற்றை 'விடு' என்று எழுதியது, 'வீடு' கேட்பதாக முடியும். முருகனின் மலையைப் பாட வந்தவர் அந்திப் பொழுதைப் பாடிவிட்டுப் போவார்.

இதனினும் பொல்லாதது வகையுளி. மெட்டு மூச்சு விடும் இடத்தில் சொல்லும் முடிய வேண்டும். முடியாவிடில் சொல் இரண்டாகப் பிளந்துபோகும். 'பிறவாத வரம்' என்று ஒருவர் உள்ளம் உருகி எழுதியதாகக் கொள்வோம். தாளம் 'பிற' என்பதோடு நின்று, அடுத்த சுற்றில் 'வாத வரம்' என்று தொடங்குமானால் என்ன ஆகும்? பிறவிப் பிணிக்கு மருந்து கேட்டு வந்த அடியார், வாத நோயை வரமாகக் கேட்டு நிற்பார். எழுதியவர் தாளில் பார்க்கும்போது இப்பிழை தெரிவதே இல்லை. ஒருவர் வாய்விட்டுப் பாடும்போதுதான் தெரியும். ஆகையால், பாட்டெழுதியவர் முதலில் செய்ய வேண்டியது அதைப் பிறர் வாயில் கொடுத்துக் கேட்பதாகும். அதிலும் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் வாயில் கொடுத்துக் கேட்பது மிகச் சிறந்தது. அவர் தடுமாறும் இடமே பாட்டின் ஓட்டை.

எழுத்துகளின் இயல்பும் கவனிக்கத்தக்கது. வல்லின ஒற்று கதவை அடைப்பது போன்றது. 'பக்தி' என்ற சொல்லை மெட்டின் உச்சியில் வைத்தால், 'க்' வந்தவுடன் குரல் நின்றுவிடும். 'அன்பு' என்பதிலுள்ள 'ன்' அவ்வாறன்று. அதைச் சற்று முனகலாம், ரீங்கரிக்கலாம். உச்சத்தில் நின்று நீட்டுவதற்கோ வாய் திறந்த நெடில்தான் வேண்டும். முருகா, வேலா, கந்தா, அம்மா, தாயே என்று தமிழில் தெய்வத்தை அழைக்கும் விளிகளெல்லாம் நெடிலில் முடிகின்றன. அழைப்பதற்கென்று அமைந்த சொற்கள் பாடுவதற்கும் அமைந்துவிட்டன. பஜனைகளில் தெய்வத்தின் பெயரே திரும்பத் திரும்ப வருவதற்குப் பக்தி ஒரு காரணம். தொண்டைக்கு அது தரும் சுகம் இன்னொரு காரணம்.

இந்த இடர்ப்பாடுகளையெல்லாம் தாமே விரும்பி, நூறு மடங்காகப் பெருக்கிக்கொண்டு வென்று காட்டியவர் அருணகிரிநாதர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமான் கையாண்டது வண்ணம் என்னும் யாப்பு. தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்னும் எட்டும் அதன் அடிப்படைச் சந்தங்கள். 'தத்த' என்று வருமிடத்தில் குறிலை அடுத்து வல்லொற்று வந்தே ஆக வேண்டும். 'முத்து' என்ற சொல் அங்கே பொருந்தும். 'தந்த' என்னுமிடத்தில் மெல்லொற்று வேண்டும். 'கந்த' என்பது பொருந்தும். 'தன' எனின் 'குக' வரலாம். 'தான' எனின் 'நாத' வரலாம். இவ்வாறு முதலடிக்கு அமைத்த சந்தம் கடைசி அடி வரை ஓர் எழுத்தின் இனமும் பிசகாமல் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதற்குள் எதுகையும் மோனையும் வேண்டும்; பொருளும் வேண்டும்; இறுதியில் தலத்தின் பெயரும் அமைய வேண்டும். அவர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300.

அவர் எந்தெந்த மெட்டில் பாடினார் என்பதை இன்று எவராலும் சொல்ல இயலாது. அப்பழைய இசை மறைந்துவிட்டது. ஆயினும் சந்தம் எழுத்திலேயே பதிந்து கிடந்ததால், பாட்டின் நடை பிழைத்துக்கொண்டது. பின்வந்த இசைவாணர்கள் ஏட்டைப் பார்த்தே தாளத்தைக் கண்டுகொண்டு, புது மெட்டு அமைத்துப் பாடினர். ஒரு பாட்டின் சொற்கள் எந்த அளவுக்கு உறுதியாகக் கட்டப்படலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. அவர் மடத்துத் தலைவரும் அல்லர், சங்கீத வித்துவானும் அல்லர். நீதித்துறையில் உத்தியோகம் பார்த்தவர். அலுவல் போக எஞ்சிய பொழுதில் ஏடுகளைத் திரட்டி, 1894-இல் திருப்புகழின் முதல் தொகுதியை அச்சேற்றினார். அவருடைய புதல்வர் வ. சு. செங்கல்வராய பிள்ளை அதற்கு உரை வகுத்தார். தந்தையும் மகனுமாக அந்த உழைப்பை மேற்கொண்டிராவிடில், இன்று தைப்பூசத்தில் பாடப்படும் திருப்புகழில் எத்தனை எஞ்சியிருக்குமோ!

தலப்பெயர் என்றதும் இந்நாட்டு அன்பர்களுக்குச் சுவையான ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அருணகிரியார் தலந்தோறும் பாடியவர். கடல் கடந்து ஈழத்திலுள்ள கதிர்காமமும் திருகோணமலையும்கூட அவர் பாட்டில் இடம் பெற்றுள்ளன. மலாயாவுக்கு வந்து குடியேறிய முன்னோர், தாமும் தாம் நின்ற மண்ணின் பெயரைப் பாட்டில் வைக்க விரும்பினர். 'பத்துமலை' என்ற பெயரைச் சந்தத்தில் வைத்துப் பார்த்தால் 'தத்ததன' என்று அழகாக வந்து அமர்கிறது. ஈப்போவின் 'கல்லுமலை' 'தய்யதன' ஆகிறது. மாத்திரை இரண்டுக்கும் ஒன்றே. ஓசைதான் சற்று மென்மையானது. பினாங்கின் 'தண்ணீர்மலை' இவ்விரண்டினும் நீளமானது. பத்துமலைக்குக் கட்டிய மெட்டில் அதை நுழைத்தால் தாளத்தைத் தாண்டி வழியும். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிட்டால் ஓர் ஆலயத்தின் பாட்டு அடுத்த ஆலயத்திற்கும் ஆகிவிடும் என்று எண்ணுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். 'கோலாலம்பூர்' என்ற பெயரோ நெடிலும் ஒற்றுமாக அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பாட்டில் அமைப்பவருக்கு முருகன் தனியாகத்தான் அருள் புரிய வேண்டும். சிங்கப்பூரைச் 'சிங்கை' என்று சுருக்கிக்கொண்டது புலவர்களின் சாமர்த்தியம்.

இன்னொரு செய்தியும் உண்டு. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். ஆகவே பத்துமலையும் கல்லுமலையும் பொருளால் ஒன்றே. மலாய்ச் சொல்லைத் தமிழ்க் காதால் கேட்டு, மலையைச் சேர்த்துத் திருப்புகழ்ச் சந்தத்திற்கு ஏற்ற ஒரு பெயராக்கிக் கொடுத்தவர் எவரோ பெயர் தெரியாத பாமரர். இந்நாட்டின் முதற்பாட்டுக் கட்டுவோராக அவரைக் கொண்டாலும் தவறில்லை.

இனி, நடந்துகொண்டே பாடும் பாட்டுக்கு வருவோம். காவடிச்சிந்து என்றதும் நினைவுக்கு வருபவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். 1865-இல் பிறந்து 1891-இல் மறைந்தவர். இருபத்தாறு ஆண்டே வாழ்ந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்ப தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடைக்கென்று அப்பாடல்கள் எழுந்தன என்பர். அவற்றை எழுத்தில் பார்த்தால் தலை சுற்றும். எதுகைக்குள் எதுகை, அடுக்குக்குள் அடுக்கு, முடுகுக்கு மேல் முடுகு. திருப்புகழை நன்கு கற்றுத் தோய்ந்த ஒருவரின் கைவண்ணம் அது. ஆயினும் அதைப் பாடும்போது அந்தக் கடினம் எங்கோ ஒளிந்துகொள்கிறது. கால் தானாக எழுகிறது. படிப்பறியாத காவடிக்காரரும் அதைப் பாடுகிறார். உழைப்பெல்லாம் எழுதியவரோடு நின்றுவிட, பாடுவோருக்குச் சுகம் மட்டும் போய்ச் சேர்கிறது. பாட்டெழுதுவோர் அடைய விரும்பும் நிலை இதுவே, அடைவோர் சிலரே.

ரெட்டியார் மறைந்த மறு ஆண்டு, அதாவது 1892 முதல், பத்துமலையில் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அவர் கால் படாத, கண் காணாத அம்மலைக்கு அவர் வகுத்த சிந்து நடை காவடிகளோடு ஏறியது. இன்று அங்கே 272 படிகள். காவடி தூக்கியவரும் பால்குடம் ஏந்தியவரும் படி ஏறும்போது ஒரு மூச்சில் எத்தனை சொல் பாட இயலும்? சமதரையில் பாடும் நீண்ட அடி அங்கே செல்லாது. நாலு படிக்கு ஒரு சிற்றடி, உடனே கூட்டத்தார் எடுத்துக்கொள்ள ஒரு மறுமொழி, அதற்குள் முன்பாடுபவருக்கு ஒரு மூச்சு. இவ்வாறு அமைந்த பாட்டுத்தான் மேலே வரை போய்ச் சேரும். மேசையில் அமர்ந்து எழுதிய பாட்டுப் பல, ஐம்பதாம் படியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. மலைப்பாட்டு எழுதுவோர் மலை ஏறிப் பார்த்துவிட்டு எழுதுதல் நன்று.

புலமைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்த ஒரு நிகழ்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடி முடித்து, அதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்றார். பிள்ளையவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியவர். இலக்கணத்தில் இம்மி பிசகினும் பொறாதவர். கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் இருப்பதைக் கண்டு, பாயிரம் தர மனமின்றிக் காலம் தாழ்த்தினார். பாரதியாரோ சளைக்கவில்லை. பல முறை வந்தார். பல முறை வெறுங்கையோடு திரும்பினார். ஒரு நாள் அவர் வந்தபோது பிள்ளையவர்கள் உண்டு உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப விரும்பாமல் திண்ணையில் அமர்ந்த பாரதியார், பொழுது போகத் தம் கீர்த்தனங்களைத் தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். விழித்துக்கொண்ட பிள்ளையவர்கள் உள்ளேயிருந்தவாறே கேட்டார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தவை காதில் பிழையாகத் தோன்றவில்லை. நந்தனாரின் ஏக்கமே திண்ணையில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தது. உருகிப்போன பெரும்புலவர், அதன் பின் பாயிரத்தைத் தந்தருளினார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லி, பாட்டுக்கு இலக்கணம் வேண்டியதில்லை என்று வாதிடுவோர் உளர். அது பொருந்தாத வாதம். பாரதியார் நந்தனாருக்காக உருகி உருகிக் கட்டியதனால் வந்த சலுகை அது. எழுத்துப் பிழைகளுக்கு எவரும் அதைக் கேடயமாகக் கொள்ள இயலாது. ஆயினும் பிள்ளையவர்களின் பெருந்தன்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் இயற்றிய தலபுராணங்களை இன்று ஆய்வாளர்கள் படிக்கின்றனர். பாரதியாரின் கீர்த்தனங்களோ இன்றும் பாடப்படுகின்றன. தம் வழியில் வராத ஒன்று தம்மினும் நெடிது வாழக்கூடும் என்பதை அந்த மகாவித்துவான் ஒரு பிற்பகலில் உணர்ந்து ஏற்றுக்கொண்டார்.

பாட்டைத் தனியொருவரே முடிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளுக்குச் சொல் தந்தார். சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் மாணவர் இருவர் இசை அமைத்தனர். சொல் வல்லவரும் இசை வல்லவரும் ஒரே ஆலயத்தில் இருந்தும், ஒருவரையொருவர் அறியாமல் பிரசாத வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்பது இன்றும் காணும் காட்சியே.

இந்நாட்டில் பாட்டு முயற்சி புதிதன்று. சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் பழைமையானதாக அறியப்படுவது 1872-இல் வெளிவந்த 'முன்னாஜாத்துத் திரட்டு'. அது இசுலாமியப் பக்திப் பாடல்களின் தொகுப்பு. 1887-இல் யாழ்ப்பாணத்துச் சி. ந. சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' வெளிவந்தது. டேங்க் ரோடு தண்டாயுதபாணிக்கு 1859-இல் கோயில் அமைந்து முப்பது ஆண்டு நிறையுமுன்னரே அப்பெருமான் மீது அந்தாதி ஒன்று பாடப்பட்டுவிட்டது. 1893-இல் ரங்கசாமி தாசன் என்பவர் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தை லாவணி நடையில் பாடி நூலாக்கினார். அந்தாதி கற்றோருக்கென்று எழுந்தது. லாவணி கடைத்தெருவில் நிற்போரின் காதுக்கென்று எழுந்தது. அவர்களின் தெய்வத்தையும் பாடினார்கள், பொழுதுபோக்கையும் பாடினார்கள். வாழவந்த ஊரைப் பாட்டில் வைத்துப் பார்த்தால்தான் அது சொந்த ஊராகிறது போலும்.

அச்சேறியவை இவை. அச்சேறாதவை எத்தனையோ. தோட்டப்புறத்து மாரியம்மன் கோயில்களில் தாலாட்டும் கும்மியும் கோலாட்டப் பாட்டும் வழங்கின. பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் அம்மனை மரத்தடியில் கண்டபடியே பாடினர். தோட்டத்தின் பெயர், ஆற்றின் பெயர், அம்மை கண்ட ஆண்டு, அம்மன் காப்பாற்றிய குழந்தை ஆகியவையெல்லாம் அப்பாட்டுகளில் வந்து போயின. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நிலம் வீடமைப்புக்குப் போயிற்று, லயங்கள் இடிக்கப்பட்டன. அம்மன் சிலையைக் கண்ணீரோடு தூக்கி வந்து, தாமான் ஓரத்தில் வேறு கூரையின் கீழ் வைத்துக் குடமுழுக்கும் செய்தனர். பாட்டைத் தூக்கி வர ஒருவருக்கும் தோன்றவில்லை. அது பாடியவர்களின் நினைவில் இருந்தது, அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

அந்த வெற்றிடத்தில் இன்று வந்து அமர்ந்திருப்பது திரைப்பட மெட்டு. இதைப் பற்றிக் கோபத்தோடு பேசுவது எளிது. நிதானமாக எண்ணுவது நலம். தெரிந்த மெட்டில் புதுச் சொல் அமைப்பது தமிழுக்குப் பழக்கமானதே. பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்டிருப்பதைப் பெரியவர்கள் கண்டிருப்பர். மகாகவி பாரதியாரே நந்தனார் சரித்திர மெட்டையும் சிந்து நடையையும் எடுத்துத் தம் பாட்டுகளைக் கட்டியிருக்கிறார். புது மெட்டைக் கூட்டத்துக்குக் கற்பிக்க நாள் பிடிக்கும். தெரிந்த மெட்டானால் முதல் நாளே ஆயிரம் வாய் திறக்கும். அந்த வசதியை மறுக்க இயலாது.

இடர் வேறிடத்தில் உள்ளது. மெட்டுத் தன் பழைய சொல்லை மறப்பதில்லை. காதலன் காதலியை வருணித்த மெட்டில் அம்பிகையைப் பாடினால், வாய் அம்பிகையைப் பாடும். மனத்திலோ திரையில் கண்ட தோட்டமும் ஆட்டமும் ஓடும். எழுதியவர் எவ்வளவு நல்ல சொல்லைப் பெய்தாலும் பழைய சொல் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். தாலாட்டு, சோகம், தத்துவம் ஆகியவற்றுக்கு அமைந்த மெட்டுகளில் இவ்விடர் குறைவு. ஆகவே திரை மெட்டை எடுத்தே தீர வேண்டுமெனின், எந்த உணர்ச்சிக்குப் பிறந்த மெட்டு என்று பார்த்து எடுப்பது எழுதுவோர் கடமை.

உறுமி மேளக் குழுக்களைப் பற்றியும் இரண்டு சொல். ஆலயங்களில் அவர்களைப் பற்றி வரும் புகார்கள் யாவரும் அறிந்தவை. ஓசை மிகுதி, ஒழுங்குக் குறைவு என்ற குறைகளில் நியாயம் உண்டு. ஆயினும் அக்குழுக்களில் சில, தத்தம் ஊர் முனியாண்டிக்கும் காளியம்மனுக்கும் தாமே பாட்டுக் கட்டிப் பாடுகின்றன. சொல்லில் கரடுமுரடு இருக்கலாம், கொச்சையும் இருக்கலாம். எனினும் இந்நாட்டில் இன்று ஊர்த்தெய்வத்தின் பெயர் சொல்லிப் புதுப்பாட்டுக் கட்டுவோர் பெரும்பாலும் அந்த இளைஞர்களே. அவர்களை வாயிலில் நிறுத்தி விரட்டுவதற்கு முன், தமிழாசிரியர் ஒருவரை அவர்களோடு ஒரு மாலை அமரச் செய்வது ஆலயத்துக்கு அதிகச் செலவு வைக்கும் காரியமன்று.

தமிழ் அதிகம் படிக்கவில்லையே, பள்ளியில் மலாயும் ஆங்கிலமும்தானே படித்தோம் என்று தயங்கும் இளைஞர்களும் உளர். அவர்கள் பாபநாசம் சிவனை (1890–1973) அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்த் தியாகராஜர் என்று போற்றப்பட்ட அவர் தஞ்சைப் பகுதியில் பிறந்தும், இளமையிலேயே திருவிதாங்கூருக்குச் சென்றவர். அவருடைய இளமைக் கல்வி மலையாளத்திலும் வடமொழியிலும் அமைந்தது. தமிழ்ப் புலமை அவருக்குப் பள்ளி கொடுத்த சீதனம் அன்று. கோயில் வாசலில் நின்று அவரே தேடிக்கொண்டது. மார்கழிக் குளிரில் மயிலைக் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை பாடி நடந்தவர் அவர். நடந்தவரின் பாட்டில் நடை இருந்தது. பின்னர் அவர் திரைப்படங்களுக்கு எழுதினார், எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலில் அப்பாட்டுகள் பட்டிதொட்டியெங்கும் பரவின. தம் கீர்த்தனங்களில் 'ராமதாசன்' என்ற முத்திரையை வைத்தார். பாடுவோரில் பலர் அந்த முத்திரையைச் சொல்லோடு சொல்லாகப் பாடிவிட்டுப் போகின்றனர். அது இயற்றியவரின் கையொப்பம் என்பதைக்கூட அறியார்.

பாட்டெழுதியவர் பெறும் பேறு எது என்று வினவினால், இதையே காட்ட வேண்டும். பணம் என்று சொல்வதற்கில்லை. கோயில் பாட்டுக்குச் சன்மானம் கொடுத்ததாகக் கணக்குப் புத்தகங்கள் சொல்வதில்லை. புகழும் நிலையன்று. ஆனால் தாம் கட்டிய சொல், தம்மை அறியாத ஒருவர் வாயில், அவருடைய சொந்த வேண்டுதலாகவே மாறி நிற்பதை ஒரு முறை கேட்டவர் அதை மறக்க மாட்டார். மருத்துவமனைக் கட்டிலருகே ஒரு தாய் முணுமுணுக்கும் பாட்டு யாருடையது? அந்த நேரத்தில் அது அத்தாயினுடையது. எழுதியவர் விலகி நின்று கொடுக்கிறார். கவிதையில் கவிஞர் தம் மனத்தைப் பாடலாம். பொதுப்பாட்டில் அடுத்தவர் மனத்துக்கு இடம் விட்டு எழுத வேண்டும். தம் சொந்தத் துயரத்தை அளவுக்கு மேல் அடைத்துவிட்டால், பிறர் அதற்குள் நுழைய இடமிராது. முற்றும் பொதுவாக எழுதினாலோ, எவர் மனமும் அதில் தங்காது. இந்த அளவு பிடிபடப் பலருக்கு ஆயுள் முழுதும் ஆகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இச்சபையில் உள்ளோரின் இல்லங்களில், பழைய டிரங்குப் பெட்டியிலோ சாமி அலமாரியின் அடித்தட்டிலோ, பாட்டியோ பாட்டனோ எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இருக்கலாம். மடிப்பில் கிழிந்திருக்கும், குங்குமக் கறை படிந்திருக்கும், எழுத்துப் பிழையும் மலிந்திருக்கும். அதை எடுத்து வந்து ஆலய அலுவலகத்தில் காட்டுங்கள். படி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தரலாம். பிழையைத் திருத்த முற்பட வேண்டா; உள்ளவாறே படி எடுப்போம். பாட்டின் மேலே எந்தத் தோட்டம், எந்தக் கோயில், கட்டியவர் பெயர் என்ன என்று தெரிந்தவரை குறியுங்கள். மெட்டுத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், கைப்பேசியை அருகில் வைத்து அவரைப் பாடச் சொல்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நடுவே மறந்துபோனால், மறந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த அடியைப் பாடச் சொல்லுங்கள். விடுபட்ட அடி வேறொருவர் வீட்டு நோட்டில் இருக்கக்கூடும்.